வெட்டச் சொன்ன துண்டு

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக வரவில்லை. வெட்டி எறியச் சொல்லித் தரப்பட்டது.

நான் பாரிஸில், லாச்சப்பலில் வீடியோ எடுக்கிறவள். கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், எது நடந்தாலும் கமெராவைத் தோளில் போட்டுக்கொண்டு போவேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். முதலாவது தொழிலில் சாப்பாடு கிடைக்கிறது. இரண்டாவதில் இரண்டு சிற்றிதழ் ஆசிரியர்களின் நட்புக் கிடைத்தது. (அதில் ஒருவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.)

போன மாதம் ஒரு பல்லுக்கொழுக்கட்டை வைபவம் எடுத்தேன். குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் பாயில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத்துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். முன்னால் ஒரு தட்டில் பேனை, புத்தகம், காப்பு என்று சாமான்களைப் பரப்பி வைப்பார்கள். குழந்தை எதைத் தூக்குகிறதோ அதுதான் அதன் எதிர்காலத் தொழில் என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் கதையைப் புதுச்சேரிக்காரர்களும் வாசிக்கக்கூடும். கதைக்குள்ளேயே ஒரு புதுச்சேரிக்காரர் வரப்போகிறார்.

வைபவம் முடிந்து சில நாளில் குழந்தையின் அம்மப்பா குணரத்தினம் போன் எடுத்தார். லாச்சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர்.

"தங்கச்சி, வீடியோ நல்லா வந்திருக்குமெண்டு நினைக்கிறன். அந்த நடுவிலை ஒரு துண்டு… அதை வெட்டிவிடுங்கோ."

"எந்தத் துண்டு ஐயா?"

"உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். அவருடைய மருமகன் கீர்த்தனன் வாய் திறந்த துண்டு.

2.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

அ) கீர்த்தனன் காலையில் எழுந்து, மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளின் மூக்கைத் துடைக்கப் புறப்பட்டான். [வாசகர் இரண்டாம் வரிக்கு முதலே பரிதாபப்படத் தொடங்கிவிடுவார். அவனுக்கு அது பிடிக்காது. வெட்டு.]

ஆ) ஆண்மை என்றால் என்ன? [இது கட்டுரைப் போட்டி இல்லை. வெட்டு.]

இ) ஸ்டாலின்கிராட்டில் மெத்ரோ தலைக்கு மேலால் தடதடத்துப் போகும்போது [பாரிஸ் கதை எழுதுகிற நாங்கள் எல்லாரும் மெத்ரோவில்தான் தொடங்குகிறோம். வெட்கமாக இருக்கிறது. வெட்டு.]

ஈ) "ஓம் மாமா, குழந்தையளைக் கழுவுற வேலைதான்." [இதுதான் சரியான வரி. ஆனால் இது நடுவில் வரவேண்டியது. கொஞ்சம் பொறுங்கள்.]

3.

கீர்த்தனன் மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மனிதனாக அல்ல, பாத்திரமாக. அவன் மிகவும் நல்லவனாக இருந்தான். நல்லவர்களால் கதை எழுதுகிறவர்களுக்குத் தொல்லைதான். ஏதாவது குறை கிடைக்காதா என்று தேடிக்கொண்டு, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு அவனைக் கூப்பிட்டேன்.

பெரிய கைகள். முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள். கிரெஷ் என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேரமுதல் பல வருடம் ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றவன். தேத்தண்ணி வந்ததும் தன்னுடையதைத் தொடாமல், மேசை விளிம்பில் இருந்த என் கோப்பையை நடுவுக்குத் தள்ளி வைத்தான். பிறகு தான் செய்ததை உணர்ந்து சிரித்தான்.

"மன்னியுங்கோ அக்கா. கிரெஷ் பழக்கம்."

அதற்குப் பிறகு அவன் சொன்னதை நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"குசினியிலை நிக்கேக்கை வெங்காயம் உரிச்சன், கோப்பை கழுவினன், நிலம் துடைச்சன். ஊரிலை உதெல்லாம் அம்மாவும் அக்காவும் செய்த வேலை. ஆனா இஞ்சை ஒருத்தரும் என்னைப் பாத்து, ஏன்ரா பொம்பிளையளின்ரை வேலை செய்யிறாய் எண்டு கேக்கேல்லை. கிரெஷ்ஷிலை சேந்தாப்பிறகுதான் நான் ஆம்பிளையெண்டு எல்லாருக்கும் ஞாபகம் வந்தது."

[இந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டுரை வருகிறது. அவசரக்காரர்கள் அடுத்த பந்திக்குப் போகலாம். எங்கள் ஆண்களில் எத்தனையோ பேர் இந்த நகரத்தின் கோப்பைகளைக் கழுவித்தான் தங்கைமாருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அதே ஆட்கள் வீட்டில் குடித்த கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டு எழும்புவார்கள். இரண்டும் எப்படி ஒரே உடம்பில் இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே வேலைக்கு ஆண் பெண் என்று இல்லை, அது நடக்கிற இடத்துக்குத்தான்… இந்த வாக்கியம் மேடை ஏறப் பார்க்கிறது. இதோடு விடுகிறேன்.]

சேர்ந்த புதிதில் ஒரு தாய், தன் மகளுக்கு இந்த ஆள் பம்பர்ஸ் மாற்றக்கூடாது என்று பொறுப்பாளர் ஜெனவியேவிடம் கேட்டாளாம். இங்கே வேலை செய்கிற எல்லாரும் ஒரே படிப்புப் படித்தவர்கள், ஒரே முறையில்தான் மாற்றுவார்கள் என்று ஜெனவியேவ் சொல்லி அனுப்பிவிட்டாள்.

"ஜெனவியேவ் எனக்காகத்தான் கதைச்சவ. எண்டாலும் அந்தக் கிழமை முழுக்க, என்ரை கையை எங்கை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை அக்கா."

இதைச் சொல்லும்போது அவனுடைய கைகள் மேசைக்குக் கீழே போய்விட்டன.

"இப்ப?"

"இப்ப அந்தப் பிள்ளையின்ரை தாய் பின்னேரம் வந்து, என்ன சாப்பிட்டது, எவ்வளவு நித்திரை கொண்டது எண்டு என்னைத் தேடித்தான் கேக்கிறா."

நான் தேடிப்போன குறையும் அன்றைக்கே கிடைத்தது. அதற்கு 'மெறி' என்று பெயர்.

4.

ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். கீர்த்தனன் வேலை செய்கிற கிரெஷ் நகரசபைக்குச் சொந்தமானது. நகரசபையை இங்கே மெறி என்போம். சம்பந்தம் பேசியவர் "பெடியன் மெறியிலை வேலை" என்றார். எங்கள் ஆட்களின் காதில் மெறி என்றால் கந்தோர், கதிரை, கொம்பியூட்டர், முத்திரை குத்துகிற கை. கிரெஷ்ஷும் மெறிதான் என்று யாருடைய புத்தியிலும் வராது.

குணரத்தினம் கடையில் நின்று, "மருமோன் பாரிஸ் மெறியிலை" என்று அரிசி மூட்டையோடு சேர்த்து அதையும் விற்றார். மெறி தருகிற வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் கீர்த்தனனிடம் பேப்பர்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் லீவு போட்டு, மெறிக்குப் போய், எல்லாரையும் போல நம்பர் எடுத்து, வரிசையில் நின்று அவற்றைக் கொடுத்துவிட்டு வந்தான். அதில் ஒருவருக்கு எப்படியோ வீடு கிடைத்துவிட்டது. அதோடு அவனுடைய செல்வாக்கு புறநகர் பியர்ஃபித் வரைக்கும் பரவிவிட்டது.

மனைவி தயாளினிக்கு முதல் நாளே தெரியும். அவள்தான் சொன்னாள்: "அப்பாவுக்கு இப்ப வேண்டாம். பிறகு சொல்லுவம்." அந்தப் பிறகு வருவதற்குள் கல்யாணம் முடிந்து, சாருஜன் பிறந்து, பல்லும் முளைத்துவிட்டது.

5.

இனி வீடியோ.

லாச்சப்பலில் ஒரு ரெஸ்ரோரண்டின் நிலக்கீழ் மண்டபம். நீல, வெள்ளை பலூன்கள். குழந்தையின் பெயரை மின்விளக்கால் எழுதியிருந்தார்கள், 'ஜ' மட்டும் எரியவில்லை. தட்டில் பேனை, புத்தகம், காப்பு, கல்குலேட்டர், ஸ்டெதஸ்கோப், கார்த் திறப்பு. கீர்த்தனன் கோட் சூட்டோடு படிக்குக் கீழே நின்று, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்கிறான். பாயில் சாருஜன்.

அம்மம்மா சாரதாதேவி கொழுக்கட்டையைக் கொட்டினார். நாதஸ்வரம் ஸ்பீக்கரில் அலறியது. என்னுடைய லைட் நேரே முகத்தில் (இதில் என் பங்கும் உண்டு). சாருஜன் மூச்சு நின்றுவிடுமோ என்கிற மாதிரி அழத்தொடங்கினான். தாய் தூக்கினாள், அம்மம்மா தூக்கினார், மாமிமார் தூக்கினார்கள். கை மாற மாற அழுகை கூடியது.

தயாளினி கணவனைப் பார்க்கிறாள். கீர்த்தனன் ஓரடி முன்னால் வைக்கிறான். மாமனார் ஆண்களோடு நின்று கதைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறான். அடியைத் திரும்ப எடுத்து, யாரோ ஒருவருக்குப் பன்னீர் தெளிக்கிறான். அவருக்கு ஏற்கனவே தெளித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து எமில் வந்தார். புதுச்சேரிக்காரர், தபால் கந்தோரில் வேலை, குணரத்தினத்தின் கடைக்கு வாராவாரம் வருகிறவர். கையைப் பிடித்தபடி சின்ன மகள் லாரா. லாரா பன்னீர்ச் செம்பையும் கோட் சூட்டையும் ஒருமுறை பார்த்தாள்.

"கீகீ!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கீர்த்தனனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

எமிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாதஸ்வரத்தை மீறிச் சொன்னார்:

"அட, மெஸ்ஸியே கீர்த்தனன்! குணரத்தினம் சார், இவருதான் உங்க மாப்பிள்ளையா? எங்க லாராவோட கிரெஷ்ல இருக்காரே! இவரு பக்கத்துல உக்காந்து தட்டிக் குடுத்தாதான் இவ தூங்குவா!"

பாராட்டுத்தான். அதைவிட மோசமாக ஒருவராலும் காட்டிக்கொடுத்திருக்க முடியாது. யாரோ ஸ்பீக்கரைக் குறைத்தார்கள்.

"கிரெஷ்ஷோ?" குணரத்தினம் கேட்டார். "நீர் மெறியிலையெல்லோ?"

"கிரெஷ் மெறியின்ரைதான் மாமா."

"அங்கை என்ன, கந்தோர் வேலையோ?"

இந்த இடத்தில் நான் அவனுடைய முகத்துக்குக் கிட்டப் போயிருக்கிறேன். ஓம் என்று ஒரு சொல் போதும். மாமனாரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது என்றுகூட எழுதலாம்.

"இல்லை மாமா. பிள்ளையளைப் பாக்கிற வேலை. சாப்பாடு தீத்துறது, நித்திரையாக்கிறது, உடுப்பு மாத்துறது, கழுவுறது."

பின்னால் ஓர் ஆண் சிரிப்பு. யாரென்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

"கழுவுறதோ?"

"ஓம் மாமா, குழந்தையளைக் கழுவுற வேலைதான். நீங்கள் கோப்பை கழுவி தயாளினியை வளத்தீங்கள். நான் குழந்தையளைக் கழுவி சாருஜனை வளக்கிறன்."

மண்டபத்தில் குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது. குணரத்தினம் கோப்பை கழுவியது லாச்சப்பலுக்கே தெரிந்த விஷயம். ஆனால் அது அறுபது வயது தாண்டியவர்கள் தங்களுக்குள் கதைக்கிற விஷயம், மண்டபத்தில் மருமகன் சொல்கிற விஷயம் இல்லை. அவன் குத்திக்காட்டினானா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். குரல் நடுங்குகிறது. தலை மரியாதையாகக் குனிந்திருக்கிறது. குத்தல் இல்லை.

பிறகு பன்னீர்ச் செம்பை எமிலின் கையில் கொடுத்தான். கோட்டைக் கழற்றினான். தயாளினியிடமிருந்து மகனை வாங்கி, நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, மடியில் வைத்துக்கொண்டு, கைதட்டி ஒரு பிரெஞ்சுப் பாட்டைத் தொடங்கினான். லாரா உடனே எதிரே இருந்துவிட்டாள். இது என்ன இடம் என்றாலும் அவளுக்கு இப்போது கிரெஷ்தான். மற்றப் பிள்ளைகளும் வந்து இருந்தார்கள். வட்டம் உண்டாயிற்று.

லாரா குணரத்தினத்தின் வேட்டித் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அசி துவா, பாப்பி!"

இரும், தாத்தா என்கிறாள். (எங்கள் தமிழில் இருப்பதென்றால் உட்காருவது.)

குணரத்தினம் அவளுடைய விரல்களிலிருந்து வேட்டியை மெல்ல விடுவித்தார். திரும்பினார். படியேறி வெளியே போய்விட்டார்.

(சாருஜன் உடனே அழுகையை நிறுத்தவில்லை. கதையாக இருந்தால் நிறுத்தியிருப்பான். விக்கி விக்கி ஓய்வதற்குப் பாட்டை எத்தனையோ தரம் பாட வேண்டியிருந்தது.)

6.

இடையில் என்னைப் பற்றி ஒரு குறிப்பு.

அதே மண்டபத்தில், அதே நாள், என்னைப் பார்த்தும் கேட்டார்கள்: "கமெரா அண்ணை வரேல்லையோ?" நான்தான் கமெரா என்று தெரிந்ததும், "பாருங்கோ, ஒரு பொம்பிளைப்பிள்ளை தனிய வந்து எல்லாம் செய்யுது" என்று மெச்சினார்கள். ஆண்கள் செய்கிற வேலைக்கு நான் போனதற்குக் கைதட்டு. பெண்கள் செய்கிற வேலைக்கு அவன் போனதற்குப் பின்வரிசைச் சிரிப்பு. எனக்குக் கிடைத்த கைதட்டில் பாதியை அவனுக்குக் கொடுக்கலாம் என்றால், அவனுடைய வேலையையே ஒரு படி கீழே என்று நினைக்கிறவர்களுடைய கைதட்டு இது. எனக்கும் வேண்டாம்.

தேத்தண்ணிக் கடையில் நான் கீர்த்தனனிடம் கடைசியாகக் கேட்டேன்: "மாமா அந்தத் துண்டை வெட்டச் சொல்லுறார். என்ன செய்ய?"

அவன் ஆறிப்போன தன் தேத்தண்ணியை ஒரே மிடறில் குடித்தான்.

"வீடியோ மாமாவின்ரை. அவர் சொல்லுறதைச் செய்யுங்கோ. ஆனா அக்கா, நான் அதை வாய்விட்டுச் சொன்னது அந்த ஒருக்கால்தான். சாருஜன் வளந்து பாக்கேக்கை, அப்பா பன்னீர் தெளிச்சதை மட்டும் பாத்தானெண்டால்…"

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கப்போவதில்லை.

7.

எழுதிப் பார்த்த முடிவுகள்:

முதலாவது. தட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, சாருஜன் தகப்பனின் பையிலிருந்து விழுந்த பம்பர்ஸை எடுக்கிறான். எல்லாரும் கண்கலங்குகிறார்கள். [எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. உண்மையில் அவன் எடுத்தது கல்குலேட்டரை. எடுத்து நேரே வாயில் வைத்தான். பல் முளைக்கிற பிள்ளை சப்பக்கூடிய சாமானைத்தான் எடுக்கும். மாமிமார் அவனை அந்த இடத்திலேயே கணக்காளன் ஆக்கிவிட்டார்கள்.]

இரண்டாவது. நான் துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டு, களவாக ஒரு பிரதியைக் கீர்த்தனனுக்கு அனுப்புகிறேன். [இதில் நான் நல்லவளாகிவிடுகிறேன். வெட்டு.]

மூன்றாவது. குணரத்தினம் மருமகனைக் கட்டிப்பிடித்து அழுகிறார். [குணரத்தினத்தைத் தெரிந்தவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.]

நான்காவது முடிவை நான் எழுதவில்லை. அது ஒரு மத்தியானம் நடந்து என் ஸ்ரூடியோவுக்கு வந்தது.

8.

"வெட்டியாச்சோ?" என்று கேட்டுக்கொண்டே குணரத்தினம் உள்ளே வந்தார். கடையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும், சட்டையில் மிளகாய்த்தூள் மணம்.

"இன்னும் இல்லை ஐயா. எங்கையிருந்து எங்கைவரை எண்டு நீங்களே காட்டுங்கோ."

கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கோப்பை என்ற சொல் வந்தபோது கண்ணை மூடித் திறந்தார். தான் படியேறிப் போவதைத் தானே பார்த்தார். அவர் அதுவரைக்கும்தான் அறிந்திருந்தார். வீடியோ தொடர்ந்து ஓடியது.

பாட்டு. விக்கல். பிள்ளைகள். பிறகு பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு சாரதாதேவி மெல்லக் கீழே இருக்கிறார்.

"இவவும் இருந்தவவோ?" என்றார் குணரத்தினம். "எனக்குச் சொல்லேல்லை."

தயாளினி இருக்கிறாள். பன்னீர்ச் செம்போடு எமிலும் இருக்கிறார். லாராவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு இடைவெளி. ஒரு பெடியன் அதில் இருக்க வருகிறான். லாரா அவனைத் தள்ளிவிடுகிறாள். "நோ! பாப்பி!" என்று நிலத்தைத் தட்டிக் காட்டுகிறாள். படியைப் பார்க்கிறாள். திரும்பவும் தட்டுகிறாள்.

"பின்னாலை விடுங்கோ," என்றார்.

விட்டேன். திரும்பப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தங்கச்சி, போன கலியாண வீட்டிலை மாப்பிளை பொம்பிளையை ஐஃபெல் கோபுரத்துக்கு மேலாலை பறக்க விட்டனீங்களெல்லே?"

"ஓம் ஐயா."

"அப்ப என்னை உதுக்குள்ளை இருத்த ஏலாதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தொழில் தெரிந்தவளாகப் பதில் சொன்னேன்.

"ஏலும். ஆனா தலையை வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும்."

யோசித்தார்.

"அப்ப வேண்டாம். ஒண்டையும் வெட்டவும் வேண்டாம். நான் எழும்பிப் போறதும் இருக்கட்டும். தம்பி கோப்பையெண்டு சொன்னதும் இருக்கட்டும், உண்மைதானே." கதவடியில் நின்று திரும்பினார். "உப்பிடி வட்டமா இருக்கிறது… கிரெஷ்ஷிலை நெடுக நடக்கிறதோ?"

"அதை மருமோனிட்டைத்தான் கேக்கவேணும் ஐயா."

"ம்," என்றுவிட்டுப் போனார். கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கீர்த்தனனுக்குப் போன் எடுத்து விசாரிக்கலாம். இரண்டு தரம் போனைத் தூக்கி வைத்துவிட்டேன்.

9.

வீடியோவை வெட்டாமல் கொடுத்துவிட்டேன். அதில் அவர் போனது போனதுதான், யாராலும் மாற்ற ஏலாது. ஆனால் இது வீடியோ இல்லை, கதை. இங்கே தலையை வெட்டி ஒட்டினாலும் தையல் தெரியாமல் ஒட்டலாம்.

அதைச் செய்து பார்த்தேன். ஒரே வரியில் அவரை இருத்தினேன். சரியாக வரவில்லை. அவ்வளவு வருடம் நின்று கோப்பை கழுவிய முழங்கால் அது, என் இஷ்டத்துக்கு மடங்காது. அழித்துவிட்டு, லாராவுக்குப் பக்கத்து இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும். ஆகவே மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவசரப்படுத்தவேண்டாம். முழங்கால் கவனம்.

மண்டபம். பாய். நடுவில் கல்குலேட்டரைச் சப்பிக்கொண்டு சாருஜன். லாரா நிலத்தைத் தட்டுகிறாள். பாதிப் படி ஏறிய குணரத்தினம் திரும்பி இறங்கி வந்து, ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையை மருமகனின் தோளில் ஊன்றி,